நான் பார்த்த நாலாவது சிறுத்தை

கல்யாணத்துக்கு முன்பே நான் மூன்று சிறுத்தைகளைப் பார்த்திருந்தேன். மூன்றையும் கடிதத்தில்தான் பார்த்தேன். நானே எழுதிய கடிதத்தில்.

எழுபதுகளின் கடைசி அது. நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு ஏழு மாதம் இருந்தது. எஸ்தர் கோவில்பட்டியில் இருந்தாள். நான் புனேயில், போபோடியில், ரயில் போகும்போதெல்லாம் தம்ளர்கள் நடுங்கும் ஓர் ஒற்றை அறையில் இருந்தேன். வாரம் ஒரு கடிதம் எழுதியாக வேண்டும். கட்கியில் ஓர் அலுவலகத்தின் ஸ்டோர்ஸில் போல்ட், நட்டுகளுக்குக் காவல் இருக்கும் குமாஸ்தா ஒவ்வொரு வாரமும் எதைப் பற்றி எழுதுவான்? (முதல் இரண்டு கடிதங்களிலேயே போல்ட் தீர்ந்துவிட்டது.) அந்த நேரத்தில்தான் நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. பிரயாணம் போகிற இடங்களில் காட்டு மிருகங்களை எங்கே தேடுவது, எப்படிப் பார்ப்பது என்று சொல்கிற புத்தகம். அதைப் படித்தேன். பிறகு, பார்த்ததாக எழுத ஆரம்பித்தேன்.

முதல் சிறுத்தை லோனாவாலா மலைப்பாதையில் சாலையைக் கடந்தது. இரண்டாவது, மழையில் நனைந்தபடி ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது நேருக்கு நேர் வந்து, என் கண்ணைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது. உண்மையில் நான் பார்த்திருந்த ஒரே சிறுத்தை மிருகக்காட்சிசாலையில் இருந்தது. அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், மகள் எப்படிக் குடித்தனம் செய்கிறாள் என்று பார்க்க என் மாமனார் ஞானமுத்து புனே வந்தார். நூற்பாலையில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் பக்கத்தில் இருப்பவரிடமும், இயந்திரத்தின் அந்தக் கோடியில் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். ரயிலடியில் இறங்கியதும் முதல் வார்த்தையே இதுதான்.

"மாப்ளே, எனக்கு இந்த ஊர்ல கோட்டை கொத்தளம் ஒண்ணும் பாக்க வேண்டாம். அந்தச் சிறுத்தைய மட்டும் காட்டிருங்க."

"எந்தச் சிறுத்தை மாமா?"

"நீங்க மூணு பாத்தியளே. அதுல எதுவா இருந்தாலும் சரி."

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "அந்தப் பகுதிய மட்டும்தான் வீட்ல வாசிச்சுக் காட்டினேன்" என்றாள். (அந்தப் பகுதியைக் கழித்தால் என் கடிதங்களில் மிஞ்சுவது 'அன்புள்ள'வும் 'இப்படிக்கு'ம்தான்.) வீட்டோடு நிற்கவில்லை. மாமனார் அதைச் சபையில் சொல்லியிருந்தார். மில் வாசல் டீக்கடையில் சொல்லியிருந்தார். அந்தக் குரலில் சொன்னால் டீக்கடையோடு அது எப்படி நிற்கும்?

"இது குளிர்காலம் மாமா. இப்ப வெளிய வராது" என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் காலத்துலயும் பாக்கலாம், பாக்கத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்னு எழுதியிருந்தீங்களே" என்றாள் எஸ்தர். குத்தலாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேஜை பாண்டுரங்கிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவனுக்கு ஜுன்னரைத் தாண்டி மலையடிவாரத்தில் சொந்த ஊர். "சிறுத்தையெல்லாம் இப்ப எங்கே இருக்கு" என்று அவன் சொல்வான், அதை அப்படியே மாமனாரிடம் ஒப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பிப்ட்யாவா? எங்க ஊர்ல இருக்கே. வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போறேன். மாமனாரைக் கூட்டிக்கிட்டு வந்துடு" என்றான். மராத்தியில் சிறுத்தைக்கு பிப்ட்யா என்று பெயர். இத்தனை வருஷம் புனேயில் இருந்த எனக்கு அந்த வார்த்தை அன்றுதான் தெரிந்தது.

எஸ்தரையும் கூட்டிக்கொண்டு சிவாஜிநகர் ஸ்டாண்டில் சிவப்பு எஸ்.டி. பஸ்ஸில் ஏறினோம். மாமனார் ஜன்னல் பக்கம். வெள்ளை வேஷ்டி, வெள்ளைச் சட்டை, தலை நிறையத் தேங்காய் எண்ணெய். மங்கலான உடை உடுத்த வேண்டும், வாசனை எதுவும் பூசக் கூடாது, பேசவே கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. மூன்று தப்பும் சேர்ந்து ஓர் ஆளாக, வெண்மையாக, மணமாக, சத்தமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. இவர் கூட வந்தால் எந்த மிருகமும் ஒரு மைலுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். அந்தத் தைரியத்தில் வழியெல்லாம் பாடம் நடத்தினேன். "தண்ணி எங்க இருக்கோ அங்க தேடணும் மாமா. குரங்கு கத்தினா, அது எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் பாக்கணும். சிறுத்தையத் தரையில தேடவே கூடாது. முதல்ல மரத்து மேல பாக்கணும். பூனைய விட நல்லா ஏறும்."

"கேட்டியா எஸ்தரு, மேல பாக்கணுமாம்" என்று பஸ் முழுவதற்கும் அறிவித்தார் மாமனார்.

இரண்டு பஸ் மாறி, அரை மணி நடந்து பாண்டுரங்கின் வீட்டை அடைந்தபோது மதியமாகிவிட்டது. அவன் அம்மா பாக்ரி ரொட்டியும், தொட்டுக்கொள்ளக் கடலைமாவில் கிண்டிய பிட்லாவும் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாண்டுரங் சாதாரணமாகச் சொன்னான்.

"சரியான நேரத்துல வந்திருக்கீங்க. முந்தாநாள்தான் எங்க சித்தப்பாவோட ஆட்டைத் தூக்கிட்டுப் போச்சு. ஓடைப் பக்கம்தான் சுத்துது. நான் பக்கத்து ஊர் வரைக்கும் போயிட்டு அஞ்சு மணிக்கு வந்துடறேன். மச்சு மேல உக்காந்து பார்க்கலாம். இன்னைக்கு நிச்சயம் தெரியும். அதுவரைக்கும் ஓடைப் பக்கம் யாரும் போக வேண்டாம்."

மாமனார் "என்ன சொல்லுதான்?" என்று கேட்டார். எஸ்தருக்கும் மராத்தி தெரியாது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். "ஓடை நல்லா இருக்குமாம் மாமா" என்றேன்.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்த விதத்தை விளக்கியாக வேண்டும். அவனோடு ஐந்து மணிக்குப் பார்த்தால் சிறுத்தை நிச்சயம் வரும். வந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சிறுத்தை பகலில் தூங்கும் என்று புத்தகம் சொல்கிறது. ஆகவே மூன்று மணிக்கே நாமாகப் போய், ஒரு மணி நேரம் ஓடைக்கரையில் உட்கார்ந்து, 'அதிர்ஷ்டம் இல்லை மாமா' என்று சொல்லிவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று வீட்டுக்குள் படுத்துவிடலாம். சிறுத்தையைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சிறுத்தை இருக்கும் இடத்துக்கே போகலாம் என்று முடிவு செய்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாண்டுரங் கிளம்பியதும் நாங்களும் கிளம்பினோம். அவன் அம்மா வாசலில் நின்று ஏதோ கூப்பிட்டுச் சொன்னாள். நான் கையை ஆட்டினேன்.

வெங்காயக் காடு முடிந்ததும் சரிவு. சரிவின் அடியில் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு கிணறு, அதை ஒட்டித் தகரக் கதவு போட்ட கல் அறை. டீசல் பம்ப் வைத்திருந்த அறை. அதிலிருந்து முப்பது அடி தள்ளி, சாய்ந்து வளர்ந்த ஒரு கிழட்டு மாமரம். நல்ல வெயில். நான் விசில் அடித்துக்கொண்டு நடந்தேன்.

ஈரமணலில் மாமனார் குனிந்தார். "மாப்ளே, இது என்ன தடம்?"

அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். தடம் உள்ளங்கை அகலம் இருந்தது. நகம் பதியவில்லை. நாய்க்கு நகம் பதியும், பூனை ஜாதிக்குப் பதியாது என்று புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் படம் போட்டிருந்தது.

"நாய் மாமா" என்றேன். என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "கிராமத்து நாய். பெருசாதான் இருக்கும்."

அப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் கருமுகக் குரங்கு ஒன்று கத்தியது. இருமல் போல, அறுத்து அறுத்து. பிறகு இன்னொன்று. மாமனாருக்கு அது கேட்கவில்லை. எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். "குரங்கு கத்துதுங்க. எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாக்கணும்னீங்களே. அது இந்தப் பக்கமால்ல பாக்குது?"

"அதுங்களுக்குள்ள சண்டை."

அதற்குப் பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. அதுவரை ஓடையோரம் சிறு குருவிகள் கத்திக்கொண்டிருந்தன என்பதே, அவை நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெயில் அப்படியே இருந்தது. எங்கிருந்தோ அழுகிய வாடை லேசாக வந்தது. திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

புதருக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. கர்ர், கர்ர் என்று, இழுத்து விட்டு, இழுத்து விட்டு.

"யாரோ மரம் அறுக்காங்க போலருக்கு" என்றாள் எஸ்தர்.

புத்தகத்தில் அதே வாக்கியம் இருந்தது. சிறுத்தையின் குரல் ரம்பத்தால் மரம் அறுப்பது போல இருக்கும். பகலில் அதைக் கேட்பது அபூர்வம். கேட்டால் ஓடாதீர்கள்.

ஓடினேன்.

எஸ்தர் பின்னால் இருந்து "இங்க, இங்க, ரூமுக்குள்ள வாங்க" என்று கத்தியது காதில் விழுந்தது. தகரக் கதவு கிறீச்சிடுவது கேட்டது. நான் அதற்குள் மாமரத்தில் பாதி உயரத்தில் இருந்தேன். சின்ன வயதில் கூட மரம் ஏறி அறியாதவன். சாய்ந்த மரம், பட்டையில் வேறு ஆழமான கீறல்கள், கால் வைக்க வசதியாக இருந்தது. கவை பிரியும் இடத்தில் ஏறி உட்கார்ந்து, கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மெல்ல மணி அடித்தது.

ஆட்டு மணி. மணிக்கு மேலே ஆடு. பாண்டுரங்கின் சித்தப்பா ஆடு. பாதி ஆடு. மீதிப் பாதி ஏற்கெனவே சாப்பிடப்பட்டிருந்தது. கவையில் செருகி வைத்தாற்போல் தொங்கியபடி ஒரு கண்ணால் என்னையே பார்த்தது. ஈக்கள் அதிலிருந்து எழும்பி என் முகத்துக்கு வந்து, மறுபடி அதற்குப் போயின. சிறுத்தைக்குப் பயந்து நான் ஏறியது சிறுத்தையின் சமையலறை அலமாரி என்பதும், அந்தக் கீறல்கள் யார் எதற்காகப் போட்டவை என்பதும் அப்போது விளங்கியது.

கீழே பார்த்தேன். அது வந்துவிட்டிருந்தது.

எப்போது வந்தது என்று தெரியாது. புல் அசையவில்லை. இல்லாத இடத்தில் இருந்தது. நான் எழுதிய மூன்றைப் போலவும் அது இல்லை. உடம்பு நீளம், தலை பெரிது, மூச்சு விடும்போது விலாவில் புள்ளிகள் ஏறி இறங்கின. வெளிர் மஞ்சள் கண். அந்தக் கண்ணில் கோபம்கூட இல்லை. தன் வீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதை மட்டும் அது கவனித்தது. கடிதத்தில் என் கண்ணைப் பார்த்துத் தலை குனிந்த சிறுத்தையை நினைத்துக்கொண்டேன். இது குனியவில்லை.

முன்கால் இரண்டையும் அடிமரத்தில் வைத்தது. மரம் அதிர்ந்தது. மணி அடித்தது. எனக்குப் பன்னிரண்டு அடிக்குக் கீழே அதன் வாய் திறந்தது.

"போ" என்றேன். கேட்கவில்லை. "போயிரு" என்றேன். அடுத்த வினாடி மரியாதை தானாக வந்துவிட்டது. "போயிருங்க. தயவுசெஞ்சு போயிருங்க." அது ஒரு கால் மேலே எடுத்து வைத்தது. இதற்குத் தமிழ் எங்கே தெரியும் என்று என் மூளையில் ஏதோ ஒரு மூலை யோசித்தது. இந்தியில் மாறினேன். "பாயி சாப், ஜாயியே." இன்னொரு கால். நகம் பட்டையில் பதியும் சத்தம் கேட்டது. இந்த ஊர் மிருகம் என்பது நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டே மராத்திக்குப் போய், அண்ணா என்று கூப்பிட்டேன். "அஹோ பாவு, ஜா நா. ஜா நா, பாவு."

பம்ப் அறையின் கதவு இடுக்கிலிருந்து எஸ்தரின் குரல் வந்தது. நடுங்கினாலும் தெளிவாக இருந்தது. "அந்த ஆட்டைத் தள்ளி விடுங்க. அதுக்கு ஆடுதான் வேணும். தள்ளுங்க."

கையை எடுத்தால் விழுந்துவிடுவேன். காலால் உதைத்தேன். என் செருப்பு விழுந்தது. மறுபடி உதைத்தேன். கொம்பு கிளையில் மாட்டியிருந்தது. உள்ளே மாமனார் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, கிடைத்த ஸ்பேனரால் காலி டீசல் பீப்பாயை அடிக்கத் தொடங்கினார். முப்பது வருஷ மில் சத்தத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பது போல அடித்தார். நான் "ஜா நா" என்று கத்தினேன். மூன்றாவது உதையில் ஆடு கழன்று, மணியோடு, சிறுத்தையின் முதுகை உரசிக்கொண்டு தொப்பென்று விழுந்தது.

சிறுத்தை துள்ளி விலகியது. ஆட்டைப் பார்த்தது. அறையைப் பார்த்தது. என்னைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தது. பிறகு ஆட்டைக் கழுத்தில் கவ்வி, முன்னங்கால்களுக்கு இடையில் இழுத்துக்கொண்டு புதருக்குள் போனது. மணிச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நின்ற பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்களைக் காணவில்லை என்று அவன் அம்மா சொல்லி, பாண்டுரங் நாலு பேருடன் கம்பும் தப்பட்டையுமாக ஐந்தரை மணிக்கு வந்தான். எஸ்தரும் மாமனாரும் நடந்து வெளியே வந்தார்கள். என்னை இறக்க ஏணி வேண்டியிருந்தது. கை கிளையை விடவில்லை. "விடு, விடு" என்று பாண்டுரங் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். ஊரே அடியில் நின்று பார்த்தது. காட்டு மிருகத்தைப் பார்க்க நான் போனேன். கடைசியில் மரத்து மேல் இருந்ததை வேடிக்கை பார்த்தது அந்த ஊர்.

மறுநாள் மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். நாராயண்காவ் தாண்டியதும் மாமனார் தன் வழக்கமான குரலில் கேட்டார். "மாப்ளே, அந்த மூணு சிறுத்தையும் பொய்தான?"

தமிழ் தெரிந்த வேறு யாரும் பஸ்ஸில் இல்லை. அதற்கு நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். "ஆமா மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, போகட்டும். நான் ஊர்ல நாலுன்னே சொல்லிக்கிடுதேன். மூணு பொய், இது ஒண்ணு மெய்யின்னு பிரிச்சுச் சொன்னா எவன் கேப்பான்?"

எஸ்தர் சிரிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, மாமனார் குளிக்கப் போன நேரத்தில் ஒரே ஒரு தடவை சொன்னாள். "பொய் எழுதினது பரவால்ல. ஓடினப்ப நீங்க திரும்பிக்கூடப் பாக்கல." ஒரு ரயில் போனது. தம்ளர்கள் நடுங்கி அடங்கின. அவள் எழுந்து போய் உலை வைத்தாள்.

கதை எங்கள் குடும்பத்தில் ஊறிவிட்டது. சிறுத்தை எதனால் போனது என்பதில் மட்டும் கட்சிகள் உண்டு. கடைசி வரை, தன் பீப்பாய்தான் என்றார் மாமனார். ஆடுதான் என்பாள் எஸ்தர். எங்கள் மகள் மூன்றாம் வகுப்பில், மராத்தி ஏன் கற்க வேண்டும் என்று பத்து வரி எழுதச் சொன்னதற்கு, 'இங்கே சிறுத்தைக்குத் தமிழும் இந்தியும் புரியாது, என் அப்பா எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்திருக்கிறார்' என்று எழுதி வைத்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அதற்குப் பிறகு வீட்டில் நான் கேட்டதற்கு யாராவது காது கொடுக்காவிட்டால், உடனே ஒருவர் சொல்வார்: "மராத்தியில சொல்லிப் பாருங்கப்பா."

விருந்தாளி வந்தால் எஸ்தர்தான் கதையைச் சொல்வாள். நான் அழுததைச் சொல்வாள், செருப்பு விழுந்ததைச் சொல்வாள், 'பாவு' என்று கெஞ்சியதை நடித்தே காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் மரம் இரண்டு அடி உயரும். ஆனால் நான் திரும்பிப் பார்க்காததை மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த இடம் வரும்போது நான் சுவரைப் பார்ப்பேன். அவள் தாண்டிப் போய்விடுவாள்.

சேர்ந்து வெளியே போகும்போது எனக்கு வேகமாக நடந்துதான் பழக்கம். பத்தடிக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்ப்பேன். கடைத்தெருவானாலும் சரி, சர்ச் வாசலானாலும் சரி.

"வந்துக்கிட்டுதான் இருக்கேன்" என்பாள். "நீங்க நடங்க."